ஏழுக்கு மூன்று

"சூரிய ஒளியில் கிளிசரினிலிருந்து ஹைட்ரஜனும் விலைமதிப்புள்ள வேதிப்பொருள்களும்." ஆய்வு நிதி கேட்ட விண்ணப்பத்துக்கும், பின்னால் வந்த கட்டுரைக்கும் நான் வைத்த தலைப்பு இது. இதன் பின்பாதி பொய். தெரிந்தே எழுதினேன்.

பயோடீசல் தயாரிக்கும்போது அதன் எடையில் சுமார் 10 சதவீதம் கிளிசரின் கூடவே வந்து விழும். அதை நீரில் கலந்து, பிளாட்டினம் ஏற்றிய டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைப் போட்டு ஒளி பாய்ச்சினால், பொடியில் கிளம்பும் எலெக்ட்ரான் பிளாட்டினத்துக்குப் போய் ஹைட்ரஜனை விடுவிக்கும். எலெக்ட்ரான் விட்டுப்போன துளை கிளிசரினைச் சிதைக்கும். எதுவரை சிதைக்கிறது என்பதில்தான் சூட்சுமம். முதல் படியிலேயே நிறுத்தினால் டைஹைட்ராக்சி அசிட்டோன் கிடைக்கலாம். வெயிலில் காயாமலே தோலைப் பழுப்பாக்கும் கிரீம்களில் சேர்ப்பது அதைத்தான். கிளிசரினைவிட விலை பல மடங்கு. ஆனால் அப்போது ஒரு கிளிசரின் மூலக்கூறுக்கு 1 ஹைட்ரஜன் மூலக்கூறுதான் தேறும். கடைசிவரை சிதையவிட்டால் 7 வரும், கூடவே 3 கார்பன் டை ஆக்சைடு. ஹைட்ரஜன் ஏற ஏற விலையுள்ள சரக்கு கரியாகிறது என்று அர்த்தம்.

என் வாயு மாதிரிகளில் அந்த விகிதம் 7:3-ஐ ஒட்டியே வந்தது. கார்பன் டை ஆக்சைடில் கொஞ்சம் நீரில் கரைந்திருக்கும் என்று சமாதானம் தேடினேன். அதையும் சேர்த்தால் 3 என்பது இன்னும் கூடும். என் வாதம் இன்னும் கெடும்.

"சார், லிக்விட் சாம்பிளை எப்ப அளக்கிறது?" என்று ஆய்வு மாணவி கேட்டாள். "முதல்ல கேஸ் டேட்டா முடியட்டும்மா" என்றேன். கேஸ் குரோமடோகிராஃபில் வாயுவைச் செலுத்தினால் சில நிமிடங்களில் எண் வந்துவிடும். திரவம் அப்படியில்லை: டைஹைட்ராக்சி அசிட்டோனும் கிளிசரால்டிஹைடும் ஒரே வாய்பாட்டு மாற்றியங்கள், காரத்தில் ஒன்று மற்றொன்றாக மாறும், பிரித்துக் காட்டப் பொறுமை வேண்டும். 1972-ல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே ஆக்சைடை வைத்து நீரைப் பிளந்து காட்டியதிலிருந்து இந்தத் துறையின் கண் ஹைட்ரஜன் மேலேயே இருக்கிறது. அந்த மோகம் எனக்கு வசதியாகப் போயிற்று. கரைசலைக் கழிவுக் கேனில் ஊற்றச் சொன்னேன்.

"சூரிய ஒளி" என்றதும் ஒழுங்கில்லை. நான் எரித்தது புற ஊதா விளக்கு. இந்த ஆக்சைடுக்கு அதுதான் ஏறும். வெயிலில் அது 5 சதவீதம்கூடத் தேறாது. கிளிசரினும் ஆலைக் கழிவாக வந்ததில்லை, உப்பும் சோப்பும் மெத்தனாலும் இல்லாத சுத்தமான பாட்டில் சரக்கு.

கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள், பெரும்பாலும் அந்தப் பின்பாதிக்காக. ஹைட்ரஜன் கணக்கு சரிதானே என்று சொல்லிக்கொண்டு, திருத்தம் அனுப்பாமல் இருக்கிறேன்.