பொய்லர் பூட்ட முன்

அன்புள்ள தங்கச்சி,

நேற்றுப் போனை அவசரமாக வைத்துவிட்டாய், அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். 30 கிலோவாட் கொம்பி பொய்லர் பூட்டப் போகிறாய் என்றதில் சந்தோசம். ஆனால் கொன்ட்ரோல் எது என்று கேட்டதற்கு, "அதை வேலைக்காரர் பார்த்துப் போடுவார்" என்றாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. காசு கட்டுகிறவள் நீ. குளிரில் நடுங்கப் போவது அம்மா.

இப்போதைய பொய்லர்களுக்குத் தீயைக் கூட்டிக் குறைத்து எரிக்கத் தெரியும். நல்லதென்றால் 30 கிலோவாட் பொய்லர் 3 வரைக்கும் இறங்கும். குளிர் குறைந்த நாளில் உன் வீட்டுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் சுவரிலுள்ள தெர்மோஸ்ராற் வெறும் ஓன், ஓஃப் மட்டும் சொன்னால், பொய்லர் 75 பாகைக்குத் தண்ணீரைச் சூடாக்கி அனுப்பிவிட்டு நிற்கும், பிறகு திரும்பத் தொடங்கும். உன் வீட்டு றேடியேற்றர் கை வைக்க முடியாமல் சுட்டு, கொஞ்ச நேரத்தில் சில்லிட்டுப் போவதும், அம்மா போர்வையை இழுப்பதும் எறிவதுமாக இருப்பதும் இதனால்தான்.

றேடியேற்றரிலிருந்து திரும்பி வருகிற தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி பொய்லருக்குள்ளேயே தண்ணீராகும். அந்தச் சூடும் வீட்டுக்கே வரும், காஸும் மிஞ்சும். கஞ்சி காய்ச்சுகிற மாதிரி, மெல்லிய நெருப்பில் கனநேரம் எரியவேண்டும்.

ஆகவே இரண்டில் ஒன்றைக் கேள். வடக்குப் பக்கச் சுவரில் வெளியே ஒரு சென்சர் பூட்டினால், வெளிக்குளிருக்கு ஏற்றபடி தண்ணீரின் சூட்டைப் பொய்லரே கூட்டிக் குறைக்கும். எனக்கு இதுதான் விருப்பம். இல்லையென்றால், அறைச் சூட்டைப் பார்த்துப் பொய்லருக்கு அளவு சொல்கிற தெர்மோஸ்ராற் எடு. அதற்கு, பொய்லரும் தெர்மோஸ்ராற்றும் பேசிக்கொள்கிற ஓப்பன்தேர்ம் போன்ற முறை ஒன்று இருக்கவேண்டும். வேலன்ற் பொய்லர் என்றால் அது ஈபஸ் என்ற வேறு முறையில் ஓடுவது, அந்தக் கொம்பனியின் கொன்ட்ரோலையே வாங்கு.

இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் இருந்து கொம்பி மாற்றும்போது இப்படி ஏதாவதொன்று கூடப் போடவேண்டும் என்பது சட்டம். ஆனால் தானாக நேரம் கணிக்கிற ஸ்மார்ட் தெர்மோஸ்ராற்றும் அந்தச் சட்டத்துக்குப் போதும். மச்சானுக்குப் போனில் தட்டித் தட்டிப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். தட்டட்டும், ஆனால் அது ஓன், ஓஃப் மட்டும் செய்கிறதென்றால் வாங்கவேண்டாம் என்று சொல்லு. ஓப்பன்தேர்ம் உள்ளதை வாங்கியும், வயரை ஓன், ஓஃப் இடத்திலேயே கொழுவிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேலைக்காரர் சாமானைக் கட்ட முன், தண்ணீர்ச் சூடு ஏறி இறங்குவதைப் பொய்லரின் திரையில் காட்டச் சொல்லு. வெட்கப்படாதே.

தெர்மோஸ்ராற் இருக்கிற அறையில் றேடியேற்றர் வால்வை முழுக்கத் திறந்தே வை. மிச்சம் பிடிக்கிறேன் என்று அம்மாவின் அறையை மட்டும் 18 பாகைக்குக் கீழே விட்டுவிடாதே, அவவின் மூட்டு தாங்காது.

கொட்டேஷன் வந்ததும் கையெழுத்து வைக்க முன் படம் எடுத்து அனுப்பு. பொய்லரின் ஆகக் குறைந்த கிலோவாட் எவ்வளவு என்பதையும் அவரிடம் எழுதி வாங்கு.

அன்புடன்,
சின்னண்ணா