டெங்கிலில் எதை அளப்பது?

ஓர் ஊரின் பாதுகாப்பைக் குற்றப் பதிவுகளைக் கொண்டும், அண்டை அயலார் சேர்ந்து நடத்தும் ருக்குன் தெத்தாங்கா என்ற அமைப்பின் இரவுச் சுற்றுக்காவலைக் கொண்டும் மதிப்பிடுவது பயனுள்ளதே. ஆயினும் மலேசியாவின் டெங்கில் ஊரிலுள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு அந்த அளவுகோல் போதாது.

நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவை எழுப்புவதற்காகப் பிராங் புசார், காலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களிலிருந்து 1990களில் பெயர்க்கப்பட்ட ஏறத்தாழ 400 தொழிலாளர் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன; தரைவீடு கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி வந்த அவர்கள், சுவரிலும் தரையிலும் விரிசல் ஓடிய வீடுகளில் பிள்ளைகளை வளர்த்துப் பேரன் பேத்திகளையும் கண்டுவிட்டனர். திருடன் வராத வீட்டிலும் கூரைக்கு அஞ்சிப் படுப்பவருக்குப் பாதுகாப்பு ஏது?

லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில், கோயில் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் அழைப்பின்றியே கூடிய அந்த உறவு, மாடிப்படிகளைத் தாண்டி எந்த அளவுக்குப் பிழைத்திருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, வாக்குறுதி தரப்பட்ட நாளுக்கும் சாவி கைக்கு வரும் நாளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள், குற்றப் புள்ளிவிவரம் பதிவாகும் அதே ஏட்டில் ஆண்டுதோறும் பதிவாக வேண்டும்.