குரலுக்கு எத்தனை பங்கு?

ஒலிப்பதிவுத் தொழிலுக்குப் புதிதாக வரும் நண்பர்கள் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்?" நாங்கள் மூவர். ஒருவர் குரல் கொடுப்பவர், ஒருவர் பதிவு செய்பவர், ஒருவர் அதை வெட்டிக் கோத்து முடிப்பவர். இந்தக் கேள்விக்கு நெடுநாள் மூவரும் மூன்று விடை சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது ஒரே விடை சொல்கிறோம். அதை எங்களுக்குக் கற்றுத் தந்தது பழவேற்காட்டு ஏரிக்கரை. கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதன்று என்பதால்தான் இதுவரை எழுதாமல் இருந்தோம்.

வானொலிக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் மாதம் தொடங்கியது. கலைஞர்களைக் குரல் தேர்வு வைத்துத் தரம் பிரிப்பதும், தரத்துக்கேற்பச் சன்மானம் வழங்குவதும் வானொலியின் வழக்கம். தொகை சிறிதாயினும் அது அச்சிட்ட தொகை. பேரம் பேச வேண்டியதில்லை, கூச்சப்பட வேண்டியதுமில்லை. தனித்து வேலை செய்கிறவர்களுக்கோ விலைப்பட்டியலும் கிடையாது, கூச்சமும் அதிகம். தமிழில் பேசுவதற்குப் பணமா என்று சொந்தக்காரர்களே வியக்கும்போது, தொலைபேசியில் கேட்கும் அந்நியரிடம் ஒரு தொகையைச் சொல்ல நா எழுவதில்லை. எழுந்தாலும், அவர் மறுக்கமாட்டார் என்று நாம் நினைக்கும் தொகையைத்தான் சொல்கிறது.

2015-ஆம் ஆண்டுத் தை மாதம் அப்படித்தான் சொன்னோம். ஒரு நிறுவனம் பழவேற்காட்டு ஏரியைப் பற்றி ஆறு பகுதிகள் கொண்ட ஒலித்தொடர் வேண்டுமென்றது. பகுதிக்கு இருபது நிமிடம். "மொத்தமாக அறுபதாயிரம்" என்றோம். மறுமுனையில் ஒரு நொடிகூடத் தயக்கமில்லை. அந்த ஒரு நொடி இல்லாமற் போனதன் பொருள் எங்களுக்கு அன்று விளங்கவில்லை.

*

சென்னைக்கு வடக்கே பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பேருந்து. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்கோடியில், முகத்துவாரத்தை ஒட்டித் தமிழ் மீனவக் குப்பங்கள். 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். உள்ளூர் வணிகர் வழியாக நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கிக் கடல் கடந்து அனுப்பினார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்னும் ஊருக்குள் இருக்கின்றன. நாங்கள் சென்றபோது பூநாரைகள் வந்திருந்தன. பார்ப்பதற்கு அழகு. பதிவுக்கோ தொலைவில் ஒரு முணுமுணுப்பு, அவ்வளவே.

முதல் நாள் பதிவு முழுவதும் வீண். ஏரிக்காற்று ஒலிவாங்கியின் பஞ்சு உறையைத் துளைத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் உறுமலாக்கிவிட்டது. காற்று அடங்கும் விடியற்காலையில் படகில் போகலாம் என்று யோசனை சொன்னவர் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர். நீரில் நட்ட கழிகளில் வலை கட்டி இறால் பிடிப்பதில் அரைநூற்றாண்டு கழித்தவர். இரண்டு நாட்களில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எங்களுக்காகப் பேசினார். முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்து போகும்போது ஏரி எப்படி மூச்சடைத்துக் கிடக்கும், மழை பெய்து அது திறந்துகொண்டால் தண்ணீரின் நிறம் எப்படி மாறும், 2004 டிசம்பர் 26 காலையில் ஏரி எப்படிப் பின்வாங்கியது என்பதையெல்லாம், எழுதி வைத்து வாசிப்பவரைப்போல், ஒரு சொல் தடுக்காமல் சொன்னார். அந்தக் குரல் இல்லையென்றால் எங்கள் தொடர் இல்லை. புறப்படும்போது அவருக்கு ஐந்நூறு ரூபாயும் ஒரு துண்டும் கொடுத்தோம். கும்பிட்டு வாங்கிக்கொண்டார். நிறைவாகத் திரும்பினோம்.

ஊர் திரும்பிய பிறகுதான் வேலை தொடங்கியது. பதினாறு மணி நேரப் பதிவு. அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவே நாற்பது மணி நேரம் ஆயிற்று. உரை எழுத இருபத்துநான்கு, இடையுரையை வாசித்துப் பதிய ஒன்பது, தொகுத்து ஒலியைச் சமன் செய்ய அறுபது. நிறுவனத்தார் மூன்று முறை திருத்தம் சொன்னார்கள்; அதற்கு இருபத்தேழு. களத்தில் மூவரும் கழித்த நான்கு நாட்களை நாளுக்குப் பத்து மணி என்று கொண்டால் நூற்றிருபது. ஆக 280 மணி நேரம். பயணம், படகு வாடகை, தங்குமிடம், பதிவுக்கூட வாடகை என்று பதினோராயிரம் செலவு. மீதி 49,000. கணக்குப் போட்டுப் பார்த்தபோது மணிக்கு 175 ரூபாய் வந்தது. ஒலிவாங்கியும் கணினியும் தேய்ந்த தேய்மானம் இதில் சேரவில்லை. பணம் வந்து சேர ஐந்து மாதம் ஆனதும் சேரவில்லை.

ஏமாந்துவிட்டோம் என்று பல நாள் பொருமினோம். தொடரிலிருந்து ஒரு நிமிடத் துண்டை வெட்டி, படம் சேர்த்து, அந்நிறுவனம் தன் விளம்பரமாக ஓடவிட்டதைப் பார்த்தபோது பொருமல் கோபமாயிற்று. அதில் எங்கள் தோழரின் குரலும் இருந்தது, பெரியவரின் குரலும் இருந்தது. கேட்டபோது, "முழுத் தொகையும் தந்துவிட்டோமே" என்றார்கள். எங்களிடம் எழுத்தில் ஏதுமில்லை. அவர்களிடமும் இல்லை.

*

தொடரைப் பெரியவருக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்று மறுபடி சென்றோம். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முழுவதையும் கேட்டார். பிறகு, "பேரன் போன்ல காட்டினான் தம்பி, வெளம்பரத்துல என் கொரலு வருதே" என்றார். எங்கள் குறையை அவரிடம் கொட்டினோம். எப்படி ஏமாற்றப்பட்டோம், மணிக்கு 175 ரூபாய்தான் தேறியது, கேட்காமலே விளம்பரம் செய்துவிட்டார்கள் என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது இது:

"நீங்க எனக்குக் குடுத்தீங்களே ஐந்நூறு, அது கூலியா பங்கா?"

எங்களுக்கு விடை தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். "கூலின்னா அன்னியோட தீந்துது. அப்பறம் நீங்க நாலு எடத்துல போட்டாலும் நான் கேக்கக் கூடாது. பங்குன்னா அந்த மீனு எங்க போவுது, இன்னா வெலைக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியணும். நான் பங்குன்னு நெனச்சிக்கினு பேசினேன்."

ஐந்து மணி நேரத்துக்கு ஐந்நூறு. மணிக்கு நூறு. எங்களுக்கு 175 கொடுத்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்த நாங்கள், எங்கள் தொடரின் உயிரான குரலுக்கு நூறு கொடுத்திருந்தோம். எங்களிடம் எழுதி வாங்காதது அவர்கள் குற்றமென்றால், அவரிடம் ஒரு சொல்லும் கேளாதது எங்கள் குற்றம்.

அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கரையில் கணக்குப் போடும் விதத்தைச் சொன்னார். கடலுக்குப் போய் வந்த படகின் மீனை ஏலம் விட்டதும் முதலில் எண்ணெய், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மீதியைப் பங்கு வைப்பார்கள். போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு, படகுக்கும் இயந்திரத்துக்கும் பங்கு, வலைக்குப் பங்கு. ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறும், முறை மாறாது. "வலையா தொடுப்பு வலிச்சிது, அதுக்கு எதுக்குப் பங்குன்னு எவனும் கேக்க மாட்டான். நாளைக்கு அது கிழிஞ்சா யாரு தருவா?"

ஏரியில் இன்னொரு முறை உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். கழிவலை கட்டத் தோதான இடங்கள் ஏரியில் சிலவே. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களுக்குள் அவ்விடங்கள் முறை வைத்துச் சுழலும். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறிடம். இலங்கையில் நீர்கொழும்பிலும், கேரளத்தில் கொச்சியிலும் இதே பெயரில் இதைப்போன்ற முறைகள் உண்டு. உழைப்பு, இடம், துன்பம் என எல்லாவற்றுக்கும் பாடு என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடக்கூடாது என்பது அதன் அறம்.

*

அன்று இரவு பேருந்தில் திரும்பும்போது எங்கள் கட்டண முறையைப் பங்கு முறையாக மாற்றி எழுதினோம். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் இன்றுவரை அதையே பின்பற்றுகிறோம்.

முதலில் செலவைத் தனியே எழுதுகிறோம்; அது கட்டணத்துக்குள் அடங்காது. அடுத்தது ஆள் பங்கு. முடிந்த ஒலியின் நிமிடத்தை எண்ணாமல், அதற்குப் பின்னால் நிற்கும் மணி நேரத்தை எண்ணுகிறோம். தமிழ் உரையில் ஏறத்தாழ நூறு சொற்களை நாங்கள் ஒரு நிமிடத்தில் வாசிக்கிறோம். அந்த ஒரு நிமிடத்தைப் பிழை களைந்து, மூச்சொலி தணித்து, முடித்துத் தருவதற்குள் அதைப்போல் பல மடங்கு நேரம் போய்விடும். மூன்றாவது வலைப் பங்கு. ஒலிவாங்கி, கணினி, ஓசை புகாத அறை ஆகியவற்றுக்கு ஒரு பகுதி. வீட்டு அலமாரிக்குள் போர்வை தொங்கவிட்டுப் பதிந்தாலும் அது அறைதான். எங்கள் தவறால் நேரும் மறுபதிவுக்குக் கட்டணமில்லை. உரையை மாற்றிக் கேட்டால் உண்டு. பாதித் தொகை முன்பணம். டச்சுக்காரர்களே கொடுத்திருக்கிறார்கள்.

நான்காவதுதான் பெரியவர் கேட்டது: மீன் எங்கே போகிறது? வகுப்பறையில் ஓடும் பாடத்துக்கும் தொலைக்காட்சி விளம்பரத்துக்கும் ஒரே குரல், ஒரே உழைப்பு. ஆனால் விற்பனை வேறு, ஆகவே பங்கும் வேறு. எங்கே, எத்தனை காலம், எந்த வேலைக்கு என்று எழுதி வாங்குகிறோம். சட்டமும் இதற்குத் துணையாகவே இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் உரிமையை ஐம்பது ஆண்டுகளுக்கு ஏற்கிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை வலுப்படுத்தியது. நிகழ்த்துநர் யார் என்னும் பட்டியலில் நடிகர், பாடகர் தொடங்கிக் கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, சொற்பொழிவாளர் வரை வருகிறார்கள். உரிமையை எழுத்தில் மாற்றித் தந்தாலன்றி அது மாறுவதில்லை. காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா என்று கொள்ளவேண்டும். எங்கள் தோழர் இந்தப் பட்டியலில் அடங்குவார் என்று நம்புகிறோம். தன் அனுபவத்தைப் பேசிய பெரியவர் அடங்குவாரா என்பதை வழக்கறிஞர்கள் வாதிடட்டும். எங்கள் கணக்கில் அடங்குவார்.

காலதாமதத்துக்கும் ஒரு வழி உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்துகொண்ட குறு, சிறு தொழிலுக்குரிய பணத்தை நாற்பத்தைந்து நாட்களுக்குள் தரவேண்டும். எங்களைப் போன்றவர்களும் பதிவு செய்துகொள்ளலாம். அண்மையில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறோம்: இந்தப் பதிவைக் கொண்டு இயந்திரத்துக்குக் குரலைக் கற்பிக்கக் கூடாது. ஒருநாள் கூலி கொடுத்து ஏரியையே எழுதி வாங்குவது போன்றது அது.

*

இதையெல்லாம் நியாயத்தின் முடிந்த வடிவம் என்று சொல்ல மாட்டோம். பாடு முறையையே எடுத்துக்கொள்வோம். அது பட்டினவர் ஊர்களுக்குள், தலைக்கட்டுக் கணக்கில் வரும் ஆண்களுக்குள் நியாயமானது. வேறு சாதியினருக்கு அதில் இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு எந்தப் பாடும் கிடையாது. வட்டத்துக்குள் எவ்வளவு நேர்மையாகப் பங்கிட்டாலும், வட்டத்தை யார் வரைந்தார்கள் என்ற கேள்வி நின்றுகொண்டேயிருக்கிறது. எங்கள் தொழிலிலும் அப்படித்தான். எங்கள் விலையில் கால்வாசிக்குப் பேச முன்வரும் கல்லூரி மாணவியைக் குறைகூறுவது எளிது. அவளுக்கு விலையைக் கற்றுத்தர யாரும் முன்வரவில்லை என்பதை ஒப்புக்கொள்வதுதான் கடினம். ஆகவே கேட்கிறவர்களுக்கெல்லாம் எங்கள் கணக்குத் தாளை அப்படியே காட்டிவிடுகிறோம்.

இந்த முறைக்கு மாறிய முதல் ஆண்டில் வந்த வேலைகளில் பாதியை இழந்தோம். "அறுபதாயிரம்" என்றதும் ஒரு நொடிகூடத் தயங்காதவர்கள் இப்போது வெகுநேரம் தயங்குகிறார்கள். சிலர் திரும்ப அழைப்பதில்லை. கடன் வாங்கிய மாதங்களும் உண்டு.

பெரியவருக்குரியதைப் பிறகு கணக்கிட்டு, ஆளுக்கொரு பங்கென்று வைத்து, எங்கள் பங்கிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தோம். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார். இம்முறை கும்பிடவில்லை. அது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. அந்தத் தொடரின் ஒரு பகுதியைப் பின்னர் இரண்டு இடங்களில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பெரியவர் 2021-இல் காலமானார். பங்கு இப்போது அவர் மனைவிக்குப் போகிறது. பெரிய தொகை இல்லை. கடைசியாக அனுப்பியது 640 ரூபாய். கிடைத்ததும் அந்த அம்மா தொலைபேசியில் கேட்டார்: "இது எதுக்குத் தம்பி, மொத்தம் எவ்ளோ வந்துது?"

மொத்தத்தையும் சொன்னோம்.