எங்கள் தெரு வாங்கிய முதல் கேசட்

முதன்முதலில் காசு கொடுத்து வாங்கிய பாட்டு எது என்று கேட்டால் பலரும் ஒரு சினிமாப் படத்தின் பெயரைச் சொல்வார்கள். எங்களால் அதற்குத் தனியாளாகப் பதில் சொல்ல முடியாது. எங்கள் சேரியில் டேப் ரெக்கார்டர் இருந்ததே ஒரு வீட்டில்தான். அம்பேத்கர் நூற்றாண்டுக் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்த 1991. டவுனில் நடந்த கூட்டத்துக்குப் போன நாங்கள் ஏழு பேர், பஸ் காசு போக மிச்சத்தை ஒன்றாகப் போட்டு, மேடைக்குப் பக்கத்தில் புத்தகம் விற்றவரிடம் ஒரு கேசட் வாங்கினோம். பாடியவர் கே.ஏ. குணசேகரன். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டு அதில் இருந்தது.

அன்று ராத்திரி அந்த வீட்டுத் திண்ணையில் கேசட்டைப் போட்டோம். தப்புச் சத்தம் கேட்டு ஒரு தாத்தா எழுந்து வந்தார். "யார் வீட்டுச் சாவுடா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுவரை எங்கள் தப்பு ஊர்க்காரர்களின் சாவுக்கும் திருவிழாவுக்கும்தான் ஒலித்தது. விரும்பி அடித்ததல்ல, அடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம். கூலி பெயருக்குத்தான். அதே தப்பு, யாருடைய பாடைக்கு முன்னாலும் நடக்காமல், எங்கள் மானத்தைப் பற்றிய பாட்டோடு சேர்ந்து ஒலித்ததை அன்றுதான் கேட்டோம். தாத்தா இரண்டு பக்கமும் ஓடி முடிந்த பிறகுதான் படுக்கப் போனார்.

அந்த ஏப்ரல் 14 அன்று மைக் செட் வைத்தோம். காலையில் சினிமாப் பாட்டு ஓடியவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. மத்தியானம் இந்தக் கேசட்டைப் போட்டதும் ஊரிலிருந்து ஆள் வந்தது. குழாயை வேறு பக்கம் திருப்பச் சொன்னார்கள். பிறகு நிறுத்தவே சொன்னார்கள். சாயங்காலம் போலீஸ் வந்து, சட்டம் ஒழுங்கு என்று சொல்லி, குழாயை இறக்க வைத்தது. அவர்கள் கோயில் திருவிழாவில் சாதிப் பெருமைப் பாட்டு ராத்திரி முழுக்க எங்கள் பக்கம் திரும்பிய குழாயில் ஓடும். அப்போது சட்டமும் கெடாது, ஒழுங்கும் கெடாது. சத்தம் யாருக்குமே பிரச்சினை இல்லை, அது யாருடைய குரல் என்பதுதான் பிரச்சினை என்று அன்று புரிந்தது.

குழாய் இறங்கியதால் பாட்டு நின்றுவிடவில்லை. பக்கத்து ஊர்ச் சேரிகளிலிருந்து இளைஞர்கள் வந்து பிரதி எடுத்துப் போனார்கள். புதுக் கேசட் வாங்க வசதியில்லாதவர்கள் பழைய சினிமாக் கேசட்டின் மேல்பக்க ஓட்டையில் காகிதத்தை ஒட்டி, அதன்மேல் பதிந்துகொண்டார்கள். பிரதிக்குப் பிரதி ஒலி மங்கியது. அட்டையும் இல்லாததால் எழுதியவர் பெயரும் பாடியவர் பெயரும் கூடவே போகவில்லை. வார்த்தை மட்டும் வாய்க்கு வாய் பரவியது.

அந்தப் பெயர்கள் முக்கியம், தோழர்களே. இன்குலாப் கீழக்கரையில் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர். குணசேகரன் நம்மில் ஒருவர். தான் பட்ட சாதிக் கொடுமைகளை 'வடு' என்ற தன்வரலாறாக எழுதியவர். ஒருவர் எழுத, ஒருவர் பாட, அது நம் எல்லோருடைய பாட்டானது. 2016இல் இருவரையுமே இழந்தோம்.

இன்று உங்கள் கையில் இருக்கும் போனை இறக்கச் சொல்லி யாரும் உடனே வந்து நிற்க முடியாது. 2018இல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியபோது ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். நல்லது. ஆனால் உங்கள் தெருவில் ஒப்பாரி பாடும் அத்தையை, தப்பு அடிக்கும் பெரியப்பாவை யார் பதிவு செய்திருக்கிறார்கள்? அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். கூடவே பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். நம் உழைப்பைப் பெயரில்லாமல் எடுத்துக்கொண்ட ஊரில், பெயரை எழுதி வைப்பதும் அரசியல்தான்.