இருவருக்கான இருக்கை



இந்த வாரம் மோட்டார் சைக்கிளின் இருக்கையைப் பற்றி எழுதுகிறேன். தியானக் கட்டுரையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். முகையூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஊழியம் செய்கிறவனுக்கு, வீட்டில் உள்ள நாற்காலியைவிட அதிக நேரம் உடலைத் தாங்குவது அந்த இருக்கையே.

ஞாயிறுதோறும் மூன்று ஊர்களில் ஆராதனை. அதிகாலையில் புறப்பட்டால் அயந்தூர் வழியாகவும் கண்டாச்சிபுரம் பக்கமாகவும் சுற்றி வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். வார நாட்களில் வீடு சந்திப்பு, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தல், எப்போதாவது திண்டிவனம்வரை ஒரு பயணம். கரும்பு வெட்டும் காலத்தில் பாரம் ஏற்றிய டிராக்டர்கள் ஓடி ஓடி ஊர்ச்சாலைகள் பள்ளமாகிவிடும். ஐம்பத்தாறு வயது முதுகெலும்பு அந்தப் பள்ளங்கள் ஒவ்வொன்றையும் கணக்கில் வைத்துக்கொள்கிறது.

சென்ற ஆண்டின் இறுதியில் கீழ்முதுகின் வலி இடது கால்வரை இறங்கியது. மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, "வண்டி ஓட்டுவதைக் குறையுங்கள், முடியாவிட்டால் உட்காரும் முறையையாவது மாற்றுங்கள்" என்றார். ஓட்டுவதைக் குறைப்பது என்றால் மூன்று ஊர்களில் ஒன்றுக்கு மாதக்கணக்கில் திருவிருந்து இராது. நடக்க இயலாத முதியோர் அங்கேதான் அதிகம். ஆகவே இரண்டாவது வழியைத் தேடினேன்.

பயணமும் உடல்வலியும் நம் பகுதியின் ஊழியத்திற்குப் புதியவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுக்கு வந்த டேனிஷ் மிஷனரிமார் காலத்தில் ஊர்விட்டு ஊர் செல்ல மாட்டுவண்டியே துணை. வசதி உள்ளவர்கள் வில்வண்டி வைத்திருந்தார்கள். இரும்பு வில் அதிர்ச்சியைத் தாங்க, உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்து அமர்வார்கள். இன்றைய மோட்டார் சைக்கிளின் சஸ்பென்ஷனும் ஃபோமும் செய்வது அதே வேலையைத்தான். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தம் வாழ்நாளில் ஏறத்தாழ 2,50,000 மைல் பயணம் செய்தார் என்று கணக்கிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி குதிரைமேல். கடிவாளத்தைத் தளரவிட்டுச் சேணத்தில் அமர்ந்தபடியே புத்தகம் படித்ததாக அவரே தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவருக்கும் எழுபதை நெருங்கும் வயதில் உடல் ஒத்துழைக்கவில்லை. நண்பர்கள் கூடி ஒரு வண்டி ஏற்பாடு செய்து கொடுத்தார்கள்.

இருக்கை எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது எளிது. நாம் அமரும்போது உடலின் பாரம் பெரும்பாலும் இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. அந்த இரண்டு முனைகளும் அகலமான, சமமான பரப்பில் பதிய வேண்டும். இருக்கை குறுகலாக இருந்தால் பாரம் நடுவில் உள்ள மென்தசையின்மேல் விழுகிறது. முன்பக்கம் சரிவாக இருந்தால் ஒவ்வொரு பிரேக்கிலும் உடல் டேங்கை நோக்கி வழுக்கும். அதைத் தடுக்கக் கைகளை ஊன்றி ஊன்றித் தோளும் முதுகும் களைத்துவிடும். ஓரிடத்திலேயே அழுத்தம் நீடித்தால் அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது. மரத்துப்போவதும் எரிவதும் அதனால்தான்.

படுக்கையில் கிடப்போருக்குப் புண் வருவதும் இதே காரணத்தால் அல்லவா? சக்கர நாற்காலியில் வாழ்வோருக்கு அந்தப் புண் வராமல் காக்க, சிறு சிறு காற்றறைகள் ஒன்றோடொன்று இணைந்த மெத்தையை அமெரிக்காவின் ரோஹோ நிறுவனம் 1970-களில் கொண்டுவந்தது. ஓர் அறை அமுங்கினால் காற்று மற்ற அறைகளுக்கு நகர்ந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். பின்னாளில் அதே அமைப்பு ஏர்ஹாக் என்ற பெயரில் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. எழ முடியாதவர்களுக்காகச் செய்யப்பட்ட ஒன்று, நாடு சுற்றுவோருக்கும் உதவுகிறது. நெடும்பயணக்காரர்களுக்கு இது வேண்டியிருக்கிறது. அயர்ன் பட் அசோசியேஷன் என்ற அமைப்பு, 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது சுமார் 1,600 கிலோமீட்டர் ஓட்டியவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. அந்தப் பயணத்திற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே சேணப்புண் என்று பொருள்படும்.

சந்தையில் இன்று கிடைப்பவை பல. ஜெல் பேட் அழுத்தத்தைப் பரப்பும். ஆனால் சித்திரை வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் வெகுநேரம் சூட்டை விடாது. காற்று மெத்தையில் காற்றை அளவோடு வைக்க வேண்டும். நிறைய ஊதினால் பந்தின்மேல் அமர்ந்ததுபோல் உடல் ஆடும். வலைத்துணி உறை வேர்வைக்கு நல்லது. ஆனால் அடியில் உள்ள ஃபோம் தளர்ந்திருந்தால் உறை ஒன்றும் செய்யாது. முழு இருக்கையையே மாற்றும் டூரிங் சீட்டுகளும் உண்டு. மழைநீர் தையல் வழியே இறங்கினால் எந்த இருக்கையும் ஊறிய பஞ்சாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விழுப்புரத்தில் நாற்பது ஆண்டுகளாகச் சீட் வேலை செய்யும் ஒரு பாயிடம் சென்றேன். பழைய இருக்கையின் ரெக்சினைக் கழற்றி, ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். விரல் அடித்தட்டைத் தொட்டது. "ஐயா, மெத்துமெத்துன்னு இருந்தா கடையில உட்கார நல்லாருக்கும். ரோட்டுல அரை மணி நேரம் போனா எலும்பு தகரத்துல இடிக்கும்" என்றார். ஃபோமின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று அளக்கிறார்கள்; கடைக்காரர்கள் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வது அதையே. துண்டுகளை ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் ஃபோம் இன்னும் கெட்டியானது. அடியில் கெட்டியானது ஓர் அடுக்கு, மேலே மென்மையானது ஓர் அடுக்கு என்பது அவர் முறை. முதல் வாரம் கடினமாகத் தோன்றும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்.

இதற்கிடையில் எங்கள் சபையின் வாலிபர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து, விலை உயர்ந்த ஒரு டூரிங் சீட்டை எனக்கு வாங்கித்தர முன்வந்தார்கள். படத்தில் பார்த்தேன். ஓட்டுநரின் பகுதி அகலமாக, குழிவாக, என் முதுகுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. பின்னால் அமர்வோருக்கோ உயரத்தில் ஒரு சிறு திண்டு, அதுவும் சரிவானது.

என் பின்னால் யார் யார் அமர்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். முழங்கால் வலியுள்ள என் துணைவியார். மாத்திரை வாங்க மருத்துவமனைக்கு வரும் தாய்மார்கள். அவர்கள் புடவையோடு ஒருபக்கமாகத்தான் அமர்வார்கள். கால்களை இருபுறமும் போட்டு அமர்வோருக்காக வடிவமைத்த சரிவான திண்டில் அவர்களால் நிலையாக இருக்க இயலாது. சட்டமும் இதை எண்ணியிருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, பின்னால் செல்பவர் ஓட்டுநருக்குப் பின்னே உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான இருக்கையிலேயே அமர வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய விதிகளில் 123-ஆம் விதி, அவருக்குக் கைப்பிடியும் கால்வைக்கும் இடமும், ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் சாரி கார்டு என்பது இதுதான். இருக்கையை மாற்றும்போது கைப்பிடியைக் கழற்றி எறிகிற வழக்கம் பல கடைகளில் உண்டு. அதற்கு இடம் கொடாதீர்கள்.

வாலிபர்களிடம் நன்றி சொல்லி அந்த இருக்கை வேண்டாம் என்றேன். அவர்கள் முகம் வாடியது. "ஐயா, உங்க முதுகுக்காகத்தானே கேட்டோம்" என்றான் ஒருவன். "என் பின்னால் உட்கார்கிறவர்களுக்கும் முதுகு இருக்கிறதே, தம்பி" என்றேன். பாயிடம் பழைய இருக்கையையே மாற்றித்தரச் சொல்வோம் என்றதும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் சேர்த்த பணத்தில் சிறு பகுதிதான் செலவாயிற்று. மீதியைப் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களுக்கு ஒதுக்கினார்கள்.

இப்போதைய இருக்கையில் முன்பகுதி விரல் அகலம் கூடியிருக்கிறது, சரிவு சமமாகியிருக்கிறது, எலும்பு பதியும் இடத்தில் தையல் இல்லை. பின்பகுதி தட்டையாக, அதே உயரத்தில் உள்ளது. அந்த டூரிங் சீட்டின் அகலம் இதில் இல்லை என்பதை என் இடுப்பு அறியும். வலி முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் மூன்றாவது ஊரில் பிரசங்க மேடையில் நிற்கும்போது மேசையைப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. துணைவியார் பல மாதங்களுக்குப் பின் அரகண்டநல்லூர்வரை என்னோடு வந்தார். தென்பெண்ணைக் கரையில் வண்டியை நிறுத்தி இருவரும் சற்று நடந்தோம்.

காயப்பட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சென்ற சமாரியனின் உவமையை அறிவீர்கள். அவன் விலங்கின்மேல் இருந்த சேணத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. எனினும் அவன் தன் இடத்தை இன்னொருவனுக்குக் கொடுத்தான் என்பது தெளிவு. நமக்கென்று ஒரு பொருள் வாங்கும்போது அதை நம்மோடு யார் பயன்படுத்துவார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்குச் சில சொற்கள். கடையில் ஐந்து நிமிடம் அமர்ந்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பிறகு உறையை இறுதியாகத் தைக்கச் சொல்லுங்கள். ஃபோம் கூடும்போது உயரமும் கூடும். இரு பாதங்களும் தரையில் உறுதியாகப் பதிகின்றனவா என்று பாருங்கள். மேலே கட்டும் பேட் எதுவானாலும் நகராதபடி பட்டையை இறுக்குங்கள். எந்த இருக்கையானாலும் மணிக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடவுங்கள். பின்னால் இருப்பவரையும் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், அவராகச் சொல்லமாட்டார்.

உங்கள் பயணங்கள் நலமாய் அமைய என் ஜெபங்கள்.