தண்ணீர் மேல் போனாலும் தண்ணீர் எடுத்துப் போகணும்

பேசின் பிரிட்ஜை ரயில் தாண்டும்போது மூக்கைப் பொத்தாதவர்கள் ரொம்பக் குறைவு. கீழே கறுப்பாக நிற்பதை நிறையப் பேர் சாக்கடை என்றே நினைக்கிறார்கள். அது பக்கிங்ஹாம் கால்வாய். 'பேசின்' என்ற பெயரே அங்கே படகுகள் வந்து தங்கிய நீர்த்துறையால் வந்தது. பக்கத்தில் இருக்கும் சால்ட் கொட்டார்ஸும் அப்படித்தான். கொட்டாரம் என்றால் களஞ்சியம். உப்பைச் சேர்த்து வைத்த இடம்.

கொஞ்சம் வரலாறு. 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 18 கி.மீ. தூரம் முதலில் வெட்டினார்கள். பணம் போட்டவர் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி. பிறகு அது பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கடைசியில் வடக்கே ஆந்திராவின் பெத்த கஞ்சம் வரை 315 கி.மீ., தெற்கே மரக்காணம் வரை 103 கி.மீ. ஆனது. தாது வருஷப் பஞ்சத்தில் கூலி வேலையாக வெட்டிய 8 கி.மீ. துண்டுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தது. 1878-ல் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

இதில் விறகும் உப்பும் மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள். பாரதிதாசன் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் படகில் போனதைத்தான் 'மாவலிபுரச் செலவு' என்று பாடினார். படகைக் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். அதாவது, இழுப்பவரின் நடைதான் படகின் வேகம்! ஒரு நாளைக்கு 30 கி.மீ. என்று வைத்தாலும் பெத்த கஞ்சம் போக பத்து நாளுக்கு மேல் ஆகும். சமையல், தூக்கம், குழந்தைகளின் சண்டை எல்லாம் வழியில்தான்.

அப்படி ஒரு குடும்பம் வடக்கே கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் படகில் ஏற வேண்டியது குடிதண்ணீர்க் குடம். ஏனென்றால் கால்வாய் கடலை ஒட்டியே போகிறது. முகத்துவாரங்கள் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும், ஒரு வாய் குடிக்க முடியாது. இரு கரையிலும் மணலும் உப்பளமும். கிட்டத்தட்ட பாலைவனத்தில் ஓடும் ஆறு மாதிரிதான்.

நிஜமான பாலைவன ஆற்றில் இன்றும் குடும்பங்கள் இப்படிப் போகின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிரீன் ஆறு என்று ஒன்று, செம்பாறைப் பள்ளத்தாக்கு வழியாக ஓடுகிறது. சிறு துடுப்புப் படகில் சாமான்களைக் கட்டிக்கொண்டு, இரவில் மணல் திட்டில் கூடாரம் போட்டு, நாலைந்து நாள் போவார்கள். ஆற்று நீர் ஒரே வண்டல். அதனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் எடுத்துப் போகச் சொல்கிறார்கள். நாலு பேருக்கு நாலு நாள் என்றால் 64 லிட்டர்!

அதைவிட முக்கியமானது அங்குள்ள கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் விதி. அடுப்பைத் தகரத் தட்டில்தான் மூட்ட வேண்டும், சாம்பலைத் திருப்பி எடுத்து வர வேண்டும். மலத்தைக்கூட மூடிய பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவர வேண்டும். குழந்தை குட்டியோடு போகிறவர்களுக்கும் இதே விதிதான்.

இப்போது எண்ணூருக்கு வாருங்கள். ஒரு குடும்பத்தின் அடுப்புச் சாம்பலுக்கு அங்கே விதி இருக்கிறது. இங்கே அனல்மின் நிலையத்தின் சாம்பல், குழாய் உடைந்து உடைந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்து, ஆழமே குறைந்துவிட்டது. ஊரின் கழிவுநீர் கால்வாயில்தான் விழுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், இதே கால்வாய் வழியாகத்தான் எண்ணூர் கழிமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மீனவர்கள் படகில் போய் அதைக் கையால் அள்ளினார்கள்.

கால்வாய் ஒரே நாளில் சாகவில்லை. ரயில் வந்து சரக்கைப் பிடுங்கியது. 1965-66, 1976 புயல்கள் கரைகளை உடைத்தன. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் நகரத்துக்குள் கால்வாயிலேயே இறங்கின. இதற்குப் பிறகு 2008-ல் இதைத் தேசிய நீர்வழி எண் 4-ல் சேர்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை. காகிதத்தில் வழி இருக்கிறது, படகு போகத் தண்ணீர் வேண்டாமா?

பழைய படகுப் பயணம் திரும்ப வர வேண்டும் என்பதல்ல விஷயம். ரயிலும் பஸ்ஸும் இருக்கும்போது யாரும் பத்து நாள் கயிறு இழுக்கப் போவதில்லை. ஆனால் ஒரு குடும்பம் குழந்தைகளோடு நாலு நாள் தங்கிப் போக முடிகிற தண்ணீரில்தான் இறாலும் வாழும். அந்த இறாலைக் கையால் தடவிப் பிடித்து அன்றாடம் அரிசி வாங்குகிற குடும்பங்கள் எண்ணூரில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு இது சுற்றுலா இல்லை. தினமும் இடுப்பளவு நீரில் இறங்கித்தான் ஆக வேண்டும்.