பிலிமத்தலாவையில் ஓர் இரவு

கண்டியிலிருந்து கொழும்புச் சாலையில் செல்வோர்க்குப் பிலிமத்தலாவை ஒரு கடைத்தெருவாகவே தெரியும். சென்ற தை மாதத்து இரவொன்றில், மழை ஓய்ந்தபின், அங்கே ஒரு மேட்டிலேறித் தெற்கே நோக்கினோம். மலை விளிம்புக்குமேல் பெரிய மகெல்லன் மேகம் வெண்புகைபோல் தோன்றிற்று.

இதனையும் இதன் தம்பியான சிறிய மேகத்தையும் பெரு நாட்டிலிருந்து கண்ணாடித் தகடுகளிற் படமெடுத்தனர். அவற்றை ஹார்வர்டில் ஆராய்ந்தவர் ஹென்றியெட்டா லீவிட் அம்மையார். ஓர் இரவின் எதிர்ப்படத்தின்மேல் மற்றோர் இரவின் நேர்ப்படத்தை வைத்தால், கரும்புள்ளியை வெண்புள்ளி மூடிவிடும்; மூடாது எஞ்சுவதே ஒளிமாறும் விண்மீன். இவ்வாறு 1,777 மாறுமீன்களை 1908இல் அறிவித்தார். ஒளி மிகுந்தவை மாறுவதற்கு நாள் அதிகம் என 1912இல் நிறுவினார். அண்டத் தொலைவை அளக்கும் கோல் அதுவேயாயிற்று.

பழந்தகடு இல்லையேல் ஒப்பிடுவது எங்ஙனம்? வீட்டுப் பழம்படங்களை எறியுமுன் நேயர்கள் சற்றே சிந்திப்பார்களாக!